புதுப்பிப்பு: தாண்டியா நைட்டுக்குப் போயாச்சு

போன வாரம் "நாகர்கோவில் ஆபீஸ்ல நவராத்திரிக்கு தாண்டியா (குஜராத்திக் கோலாட்டம்) வைக்காங்க, எனக்குக் கோல் பிடிக்கவே தெரியாது, போகவா?"ன்னு கேட்டிருந்தேன்லா. "போ மக்கா"ன்னு சொன்னவங்களுக்கு நன்றி. போனேன்.

முதல்ல கர்பா, அதுவும் குஜராத்தி ஆட்டம்தான். அதுக்குக் கோலே கிடையாது. நடுவுல விளக்கு, சுத்திக் கைதட்டி ஆடணும். (2023-ல யுனெஸ்கோவோட பண்பாட்டு மரபுப் பட்டியல்ல சேர்ந்தது இதுதான்.) தப்பிச்சேன்.

தாண்டியாவுலதான் மாட்டினேன். எதிர்ல களியக்காவிளை அக்கா, பள்ளிக்கூடத்துல கோலாட்டம் ஆடின கை. மூணாவது சுத்துல என் விரல் முட்டியில நச்சுன்னு ஒரு அடி. "அடிச்சதும் ஒரு எட்டு நகருடே, நின்னுட்டிருக்காத"ன்னு அவங்களே சொல்லித் தந்தாங்க. அதுக்கப்புறம் தாளம் பிடிபட்டுச்சு.

மேனேஜர் கடைசிவரை ரசவடைத் தட்டோட ஓரமா நின்னார். விரல் வீக்கம் இன்னும் வத்தல. இதை ஒத்தக் கையிலதான் டைப் பண்றேன்.