டெபியனில் ஸ்டேபிள் என்றுதானே போட்டிருக்கிறது, ட்ரிக்ஸிக்கு மாறட்டுமா என்று ஏன் கேட்கிறது?

கொழுந்துக்கூடை:
வணக்கம். கோத்தகிரி பக்கம் சிறு விவசாயிகள் சிலர் சேர்ந்து தேயிலை எடை போடும் கொட்டகை வைத்திருக்கிறோம். கணக்கு எழுதுகிறவள் நான். யார் எந்த நாளில் எத்தனை கிலோ போட்டார்கள் என்பது முழுக்க ஒரு பழைய கணினியில், லிப்ரெஆபிஸ் கால்க் கோப்பில் இருக்கிறது. விண்டோஸுக்குப் பதில் டெபியன் 12 என்ற லினக்ஸ் சிஸ்டம், ராம் 2 ஜிபி. போட்டுக் கொடுத்த அக்கா மகன் கோவைக்கு வேலைக்குப் போய்விட்டான்.

மூன்று நாள் மழை, கரண்ட் இல்லை. நேற்று வந்ததும், புதுப்பிப்பு இருக்கிறதா என்று பார்க்க ஆப்ட் அப்டேட் கொடுத்தேன். கோட்நேம் 'புக்வார்ம்' என்று இருந்தது 'ட்ரிக்ஸி' ஆகிவிட்டது, ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்டு நிற்கிறது. புதுப்பிப்பை எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கும் சோர்சஸ் லிஸ்ட் கோப்பைத் திறந்து பார்த்தேன். எல்லா வரியிலும் 'ஸ்டேபிள்' என்றுதான் இருக்கிறது. ஸ்டேபிள் என்றால் மாறாதது என்று நம்பித்தானே வைத்திருக்கிறோம்? மாதக் கடைசியில் பட்டுவாடா இருக்கிறது. பயமாக இருக்கிறது.

பைக்காரா:
அக்கா, முதலில் 'என்' (நோ, அதாவது வேண்டாம்) அடியுங்கள். இதுவரை எதுவும் மாறவில்லை, கணக்குக்கு ஒன்றும் ஆகாது.

ஸ்டேபிள் என்பது பஞ்சாயத்துத் தலைவர் பதவி மாதிரி. பதவி அப்படியே இருக்கும், ஆள் மாறுவார். 2023 ஜூன் முதல் அந்த நாற்காலியில் இருந்தது புக்வார்ம், அதாவது 12. 2025 ஆகஸ்ட் 9 அன்று ட்ரிக்ஸி, அதாவது 13 வந்து உட்கார்ந்தது. புக்வார்ம் 'ஓல்டுஸ்டேபிள்' ஆகிவிட்டது. உங்கள் கோப்பில் பதவிப் பெயர் இருப்பதால் கணினி புது ஆள் பின்னால் போகப் பார்க்கிறது. ஆள் பெயரை எழுதியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

கோப்பில் 'ஸ்டேபிள்' வருகிற ஒவ்வொரு இடத்திலும் 'புக்வார்ம்' என்று மாற்றுங்கள். செக்யூரிட்டி வரியை மறந்துவிடாதீர்கள், அது 'புக்வார்ம்-செக்யூரிட்டி' ஆக வேண்டும். பலர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். 12-க்குப் பாதுகாப்புக் குழுவின் ஆதரவுக் காலம் 2026 ஜூன் வரை.

அப்புறம், டெர்மினலில் 'யூநேம் -எம்' அடித்தால் என்ன வருகிறது?

கொழுந்துக்கூடை:
மாற்றிவிட்டேன் அண்ணா. இப்போது கேள்வி வரவில்லை, அப்டேட் ஒழுங்காக முடிந்தது. யூநேம் அடித்தால் 'ஐ686' என்று வருகிறது.

பைக்காரா:
நல்லவேளை நிறுத்திக் கேட்டீர்கள். ஐ686 என்றால் உள்ளே ஓடுவது 32 பிட், அதாவது பழைய வகை சிஸ்டம். ட்ரிக்ஸியில் 32 பிட்டுக்குத் தனிக் கெர்னலும் (சிஸ்டத்தின் மையப் பகுதி) இல்லை, இன்ஸ்டாலரும் இல்லை. அப்படிப்பட்ட கணினிகளை 13-க்கு ஏற்ற வேண்டாம் என்று டெபியன் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். 'எல்எஸ்சிபியூ' அடித்து, ஆப்-மோட் என்ற வரியில் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள்.

கொழுந்துக்கூடை:
'32-பிட், 64-பிட்' என்று இரண்டும் இருக்கிறது.

பைக்காரா:
அப்படியென்றால் கணினியில் குறை இல்லை. 64 பிட் ப்ராசசரில் யாரோ 32 பிட் சிஸ்டத்தைப் போட்டிருக்கிறார்கள். பட்டுவாடா முடியட்டும், இப்போது கை வைக்க வேண்டாம். பிறகு கால்க் கோப்புகளை இரண்டு பென்டிரைவில் எடுத்து, இன்னொரு கணினியில் திறந்து பார்த்துவிட்டு, 64 பிட் டெபியன் 13-ஐப் புதிதாகப் போடுங்கள். டிவிடி ஐஎஸ்ஓ-வை, அதாவது சிஸ்டத்தைப் போடுவதற்கான பெரிய கோப்பை, குன்னூரிலோ ஊட்டியிலோ நல்ல நெட் இருக்கிற இடத்தில் இறக்கிக்கொண்டால் கொட்டகையில் நெட் தேவைப்படாது. 8 ஜிபி பென்டிரைவ் போதும். அந்த முறை சோர்சஸ் லிஸ்ட் கோப்பில் 'ட்ரிக்ஸி' என்றே இருக்கட்டும்.

தொட்டபெட்டா_மூடுபனி:
பெயரால் வருகிற குழப்பம் இது, அக்கா மேல் தவறில்லை. டெபியனில் ஸ்டேபிள் என்றால் 'வெளியிட்ட பிறகு உள்ளே புதுசு எதுவும் திணிக்க மாட்டோம், ஓட்டை மட்டும் அடைப்போம்' என்று அர்த்தம். ஃபயர்பாக்ஸ் பிரவுசரில் அதே வேலைக்கு இஎஸ்ஆர் என்று பெயர், உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸில் எல்டிஎஸ். லினக்ஸ் கெர்னலில் ஒரு காலத்தில் எண்ணே பெயர்: 2.4 இரட்டைப்படை, நம்பலாம், 2.5 ஒற்றைப்படை, சோதனை. லிப்ரெஆபிஸ்காரர்கள் புதியதை ஃப்ரெஷ் என்றும் பழகியதை ஸ்டில் என்றும் அழைத்தார்கள். எனக்கு அந்த ஜோடி பிடிக்கும், இரண்டுமே ஒன்றையொன்று மட்டம் தட்டவில்லை.

தமிழில் ஃப்ரெஷ்ஷுக்குக் 'கொழுந்து' என்று வைக்கலாமே?

கொழுந்துக்கூடை:
கொழுந்து சரி. ஆனால் மற்றதற்கு என்ன வைப்பீர்கள்? எங்களிடம் கொழுந்துக்கு எதிர்ப்பக்கம் இருப்பது கரட்டு இலை. ஃபேக்டரியில் கரட்டு என்றாலே விலையைக் குறைப்பார்கள். நம்பி வைத்திருக்கிற பதிப்புக்கு அந்தப் பெயர் வேண்டாம். 'பழகியது' என்றே சொல்லலாம். பழகிய கை என்றால் இங்கே எல்லோருக்கும் புரியும்.

பட்டுவாடா முடிந்ததும் 64 பிட் போட்டுவிட்டு இங்கேயே எழுதுகிறேன். கணக்குக் கோப்பை இப்போதே இரண்டு பென்டிரைவில் எடுத்துவிட்டேன். ஒன்று வீட்டு அரிசி டப்பாவில் இருக்கிறது, ஈரம் படாது.

பைக்காரா:
அதைத் திறந்து பார்த்தீர்களா அக்கா?

கொழுந்துக்கூடை:
பக்கத்து வீட்டு லேப்டாப்பில் திறந்து, நேற்று வரைக்கும் உள்ள எடை எல்லாம் சரிபார்த்துவிட்டேன்.