ஏழெட்டு வருஷம் தாங்குற மதர்போர்டு: பி650 போதுமா, எக்ஸ்870 வாங்கணுமா?

உறந்தை_எடிட்டர்:
எல்லாருக்கும் வணக்கம். திருச்சில கல்யாண வீடியோ எடிட்டிங் பண்றேன். இப்ப இருக்குறது நாலாவது ஜென் ஐ5, 4கே ஃபுட்டேஜ டைம்லைன்ல இழுத்துப் போட்டாலே திணறுது, முகூர்த்த மாசத்துல ராத்திரி ரெண்டர் போட்டுட்டு படுத்தா விடிஞ்சு பாத்தாலும் பாதிதான் முடிஞ்சிருக்கு. புதுசா அசெம்பிள் பண்ணப் போறேன், சிபியு ஏஎம்டி ரைசன் 7 9700எக்ஸ்னு முடிவாயிடுச்சு, மதர்போர்டுலதான் குழப்பம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல விசாரிச்சா பி650 சிப்செட் (எத்தன போர்ட், ஸ்லாட் வரும்னு தீர்மானிக்குற சிப்) இருக்குற போர்டு 15 ஆயிரம், எக்ஸ்870 போர்டு 28 ஆயிரம்னாங்க. கடைக்காரர் "ஃப்யூச்சர் ப்ரூஃபா வேணும்னா எக்ஸ்870தான்"னு அடிச்சுச் சொல்றார். நாலஞ்சு வருஷம் கழிச்சு சிபியு மட்டும் மாத்தி ஓட்டணும், அதான் என் ஆசை. அந்த 13 ஆயிரம் எக்ஸ்ட்ரா குடுக்கலாமா?

பி450_ஓனர்:
ப்ரோ, நீங்க கேக்குறத நான் செஞ்சே பாத்திருக்கேன். 2018ல பி450 போர்டும் ரைசன் 5 2600ம் வாங்குனேன். 2022 கடைசில பென் டிரைவ்ல பயாஸ் (போர்ட எழுப்பிவிடுற சாஃப்ட்வேர்) போட்டு அப்டேட் பண்ணிட்டு, பழைய சிப்ப கழட்டி 5800எக்ஸ்3டி மாட்டுனேன், அதே போர்டு, அதே ராம், இன்னிக்கும் ஓடுது. அப்ப எங்கிட்ட இருந்தது பெரிய சிப்செட் இல்ல, சாக்கெட்டுக்கு, அதாவது சிபியு உக்கார்ற எடத்துக்கு, ஆயுசு இருந்துச்சு, அவ்ளோதான். உங்க 9700எக்ஸ் உக்கார்ற ஏஎம்5 சாக்கெட் 2022ல வந்தது, 2027 வரைக்கும் அதுக்கு மேலயும் சப்போர்ட்னு ஏஎம்டி சொல்லியிருக்காங்க. ஆனா இதையும் கண்ண மூடிட்டு நம்ப வேணாம், 2020 மே மாசம் என் பி450 மாதிரி 400 சீரிஸ் போர்டுக்கு ரைசன் 5000 கிடையாதுன்னு அறிவிச்சு, ஜனங்க கொதிச்ச பிறகு ரெண்டு வாரத்துக்குள்ள மாத்திக்கிட்டதும் அவங்கதான். இன்டெல் பக்கம் இன்னும் கஷ்டம், ஏழாவது ஜென்னுக்கும் எட்டாவது ஜென்னுக்கும் சாக்கெட் பேரு ஒண்ணே, 1151, ஆனா எட்டாவது ஜென் சிப் பழைய போர்டுல ஓடாது.

கோவை_சர்வீஸ்:
தம்பி, சிப்செட் பேர விடுங்க, பின்னாடி சேக்க முடியாதது எதுன்னு பாருங்க. மொதல்ல விஆர்எம், சிபியுக்கு கரண்ட சீராக்கிக் குடுக்குற பகுதி. 9700எக்ஸ் 65 வாட்தான், எந்த போர்டும் தாங்கும். ஆனா நாளைக்கு 9950எக்ஸ் மாதிரி 170 வாட் சிப் போட்டு, திருச்சி மே மாச வெயில்ல ராத்திரி முழுக்க ரெண்டர் விட்டீங்கன்னா, சிபியு பக்கத்துல கனமான ஹீட்சிங்க் இல்லாத போர்டு ஸ்பீட கொறைச்சுக்கும். அடுத்தது எம்.2 ஸ்லாட், எஸ்எஸ்டி சொருகுற எடம், உங்க வேலைக்கு கொறைஞ்சது மூணு வேணும். எக்ஸ்870ல யுஎஸ்பி4 (வேகமான யுஎஸ்பி போர்ட்) கட்டாயம்ங்குறதால நெறைய போர்டுல ரெண்டாவது எம்.2 ஸ்லாட் அதோட லேன (டேட்டா போற பாதைய) பங்கு போட்டுக்குது, மேனுவல் பிடிஎஃப்ப எறக்கி ஸ்லாட் டேபிள படிச்சுட்டு வாங்குங்க.

ராம் ரெண்டே குச்சியா வாங்குங்க, 32 ஜிபி ரெண்டு. நாலு குச்சி போட்டா 9000 சீரிஸ்ல அஃபீஷியல் ஸ்பீடு 3600க்கு எறங்கிடும், ரெண்டுன்னா 5600. அதனால "இப்ப ரெண்டு, அப்புறம் ரெண்டு"ன்னு திட்டம் போடாதீங்க.

பி450_ஓனர்:
அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன், பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் பின்னாடி இருக்கான்னு பாருங்க. பி650 பழைய ஸ்டாக்கா இருந்தா அதுல இருக்குற பயாஸுக்கு 9700எக்ஸ் யாருன்னே தெரியாது, டிஸ்ப்ளே வராது. ஃப்ளாஷ்பேக் இருந்தா சிபியு இல்லாமலே பென் டிரைவ சொருகி பட்டன அமுக்குனா போதும், லைட் மினுக்கி அஞ்சாறு நிமிஷத்துல நிக்கும். நடுவுல கரண்ட் போனாலும் திரும்பப் போட்டுக்கலாம்.

உறந்தை_எடிட்டர்:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். அப்ப பி650க்கு அடுத்து வந்த பி850ல மூணு எம்.2, ஃப்ளாஷ்பேக், நல்ல ஹீட்சிங்க் இருக்குற போர்டா தேடுறேன், மிச்சக் காசுல பெரிய எஸ்எஸ்டி போட்டுக்கறேன். சனிக்கிழமை சென்னை போறேன், கடையிலயே எதாச்சும் செக் பண்ணணுமா?

கோவை_சர்வீஸ்:
பி850 நல்ல முடிவு, 9000 சீரிஸுக்கான பயாஸோடயே வருது. கவுன்டர்லயே பெட்டியப் பிரிச்சு சாக்கெட் மூடிய தூக்கி செல்ஃபோன் டார்ச்ச சாய்ச்சு அடிங்க. ஏஎம்5ல பின் எல்லாம் போர்டுலதான், மொத்தம் 1718. எல்லாம் ஒரே மாதிரி மின்னணும், ஒண்ணு மட்டும் வேற பக்கம் மின்னுச்சுன்னா வளைஞ்சிருக்கு, அந்த போர்ட வாங்காதீங்க. வீட்டுக்கு வந்தப்புறம் பின் வளைஞ்சிருக்குன்னு சொன்னா வாரன்டி கிடைக்காது, என் பெஞ்சுக்கு அப்படி வந்தத ஊசியும் பூதக்கண்ணாடியும் வச்சு நிமிர்த்தியிருக்கேன், எல்லா தடவையும் உயிர் வராது. அப்புறம் மொத தடவ ஆன் பண்ணும்போது சில நிமிஷம் ஸ்க்ரீன் கறுப்பாவே இருக்கும், ராம் ட்ரெயினிங் (ராமுக்கு ஒத்துவர்ற செட்டிங்க போர்டு தேடுறது) ஓடுது, பயந்து பவர ஆஃப் பண்ணிடாதீங்க.