வளைவில் மட்டும் பிளந்து சாயும் செங்கல் ஓரம்: தவறு எங்கே?

கேள்வி (டொங்காட், தென்னாப்பிரிக்கா)

வணக்கம். எங்கள் வீட்டு கேட்டிலிருந்து அம்மன் விளக்கு மேடை வரை 1 மீட்டர் அகலத்தில் சரளைப் பாதை போட்டு, இரு ஓரங்களிலும் செங்கல் பதித்தேன். நேராக ஓடும் பகுதி இன்றும் அசையாமல் நிற்கிறது. ஆனால் கறிவேப்பிலை மரத்தைச் சுற்றிக் கால்வட்டமாகத் திரும்பும் இடம், சனவரி மழைக்குப் பிறகு கெட்டுவிட்டது. மரத்தை ஒட்டிய உள் ஓரத்தில், ஒவ்வொரு செங்கலுக்கும் இடையே பாதைப் பக்கமாகப் பெருவிரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருக்கிறது. அதில் அப்பிய சாந்து துண்டு துண்டாகக் கையோடு வந்துவிடுகிறது. பள்ளத்தை நோக்கிய வெளி ஓரமோ வெளிப்புறமாகச் சாய்ந்து சரளையைத் தோட்டத்தில் கொட்டுகிறது.

ஹோஸ் பைப்பை வளைத்துப் போட்டுக் கோடு பார்த்து, மணல் பரப்பி, செங்கலைப் படுக்கையாக நீளவாட்டில் வைத்தேன். ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது பெரியவர்கள் வெறுங்காலுடன் இவ்வழியே நடப்பார்கள் என்பதால், அதற்கு முன் சரிசெய்தாக வேண்டும். முழுவதையும் பெயர்க்க வேண்டுமா?

பதில் 1 (சாட்ஸ்வர்த்)

அக்கா, செங்கலை நீளவாட்டில் வைக்காமல் குறுக்காகத் திருப்பி வையுங்கள். குட்டையான முகம் வளைவில் வருவதால் இடைவெளி குறையும் என்று நினைக்கிறேன்.

பதில் 2 (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

முப்பது ஆண்டுகள் கொத்து வேலை பார்த்தவன் என்ற முறையில், தம்பி சொன்னதை மட்டும் திருத்த விரும்புகிறேன். நம் நாட்டுச் செங்கல் 222 மி.மீ. நீளம், 106 அகலம், 73 உயரம். உள்மூலைகள் ஒன்றையொன்று தொடும்படி வைத்தால், வளைவை ஒட்டி வரும் அளவை அதற்குக் குறுக்கே வரும் அளவால் பெருக்கி ஆரத்தால் வகுக்க, மறுபக்கத்துப் பிளவு கிடைக்கும். ஆரம் 1200 மி.மீ. என்றால் 222 × 106 ÷ 1200, அதாவது ஏறத்தாழ 20 மி.மீ. உங்கள் பெருவிரல் நுழைந்தது இதனால்தான். குறுக்காகத் திருப்பினாலும் பெருக்குவது அதே இரண்டு எண்களைத்தான். பிளவு ஒரு மி.மீ.கூடக் குறையாது. செங்கலைக் குத்தாக நிறுத்தி, 73 மி.மீ. முகத்தைப் பாதைப் பக்கம் காட்டினால் 73 × 106 ÷ 1200, ஆறு மி.மீ. சொச்சம். அந்த அளவுப் பிளவில் சாந்து நிற்கும். உள் வளைவில் படுக்கையாக எட்டுச் செங்கல் பிடித்த இடத்துக்கு இப்போது ஏறக்குறைய 23 பிடிக்கும். அந்தச் செலவுக்குத் தயங்காதீர்கள்.

சாய்ந்ததற்குக் காரணம் வேறு. டொங்காட் பக்கத்துச் செம்மணல் காய்ந்திருக்கும்போது வெட்டிய சுவர் போல நிற்கும். நீர் ஊறினால் பிடிப்பை இழந்து இறங்கிவிடும். அதன் மேல் மணலில் மட்டும் உட்கார்ந்த செங்கலை, மழையில் கனத்த சரளை வெளியே தள்ளியிருக்கிறது. குத்தாக நட்ட செங்கலில் 150 மி.மீ. மண்ணுக்குள் இருக்கட்டும். அடியில் திமிசு போட்டு இறுக்கிவிட்டு, தோட்டப் பக்கமாகச் சிமெண்ட் 1, மணல் 3, ஜல்லி 3 கலந்த காங்கிரீட்டைச் செங்கலின் பாதி உயரத்துக்குச் சரிவாக அணைத்துவிடுங்கள். வெளி ஓரத்தில் மீட்டருக்கு ஓர் இணைப்பைச் சாந்தும் காங்கிரீட்டும் இல்லாமல் விட்டால் நீர் வடியும்.

நேர்ப்பகுதியைத் தொட வேண்டாம். ஹோஸ் பைப் கண்ணுக்கு வழி காட்டும், அளவுக்கு உதவாது. மரத்தையே நடுவாகக் கொண்டு, அடிமரத்தில் கயிற்றைத் தளர்வான வளையமாகப் போட்டு, 1.2 மீட்டரிலும் 2.2 மீட்டரிலும் இரண்டு வில்களைக் கீறுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி, ஐயா. தோண்டிப் பார்த்தேன். உள் வளைவில் மூன்று இடங்களில் கட்டைவிரலைவிடத் தடித்த வேர் குறுக்கே ஓடுகிறது. என் மாமியார் நட்ட மரம். வேரை வெட்ட மனம் வரவில்லை. பழைய செங்கலையே திரும்பப் பயன்படுத்தலாமா?

பதில் 2 (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

வெட்டாதீர்கள், அம்மா. வேர் வரும் இடத்தில் மட்டும் செங்கலை உளியால் குட்டையாக்கி, வேருக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி விட்டு நிறுத்துங்கள்; அங்கே காங்கிரீட் வேண்டாம், இரு பக்கத்துச் செங்கற்கள் தாங்கிக்கொள்ளும். பழைய செங்கலை இரண்டிரண்டாக மோதிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் மண்ணில் நடலாம். மந்தமாக ஒலிப்பது சரியாக வேகாதது. ஈரத்தில் அடுக்கடுக்காக உதிரும்.

கேள்வி கேட்டவர்

உள் வளைவு முடிந்தது. 24 செங்கல் பிடித்தது, அவற்றுள் மூன்று குட்டையானவை. பழையவற்றில் ஒன்பது மந்தமாக ஒலித்ததால் ஒதுக்கிவிட்டேன். மழையில்லாத இந்த ஜூன் மாதத்திலேயே வெளி ஓரத்தையும் பெயர்த்து நடுகிறேன்.