தட்டையான பிளேடில் ஒரு வளைந்த கார்னிஸ்

பெரம்பூர் வீட்டில் பாட்டி காலத்து பர்மா தேக்கு பீரோ ஒன்று இருக்கிறது. அதன் உச்சியில் உள்பக்கமாகக் குழிந்து ஓடும் அலங்கார மரப்பட்டையான கார்னிஸ்தான் பீரோவுக்கே அழகு. குழிவின் அகலம் 65 மில்லிமீட்டர், ஆழம் 18. போன மழைக்காலத்தில் சுவரோரப் பட்டையைக் கரையான் அரித்துவிட்டது. அவ்வளவு பெரிய குழிவுக்கு என் ரௌட்டரில், அதாவது மரத்தைக் குடையும் மெஷினில், பிட் (வெட்டும் முனை) இல்லை. சதுர பீடிங் (மெல்லிய மரச்சட்டம்) அடித்துவிடலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை.

தேக்குத் துண்டு வாங்க சைடன்ஹாம்ஸ் ரோடு மரவாடிக்குப் போனேன். அங்கே மரம் அறுத்துக்கொண்டிருந்த பெரியவரிடம் அரிபட்ட துண்டைக் காட்டினேன். குழிவில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "டேபிள் சா வெச்சிருக்கீங்களா தம்பி? அதுலயே வரும். மரத்தை நேரா தள்ளாதீங்க, சாய்ச்சுத் தள்ளுங்க" என்றார்.

டேபிள் சா என்பது மேசையின் நடுவே வட்ட ரம்ப பிளேடு நீட்டிக்கொண்டிருக்கும் மெஷின். மேசையில் படுத்தபடியே மரம் அந்தப் பிளேடின் மேல் குறுக்குச் சாய்வாகப் போகும்போது, பற்கள் பள்ளமாகச் சுரண்டிக்கொண்டே வரும். ஆழத்தைப் பிளேடின் உயரம் தீர்மானிக்கும், அகலத்தைச் சாய்வு தீர்மானிக்கும். சாய்வைக் கண்டுபிடிக்க அவர் சொன்ன வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு ரீப்பர்களை 65 மில்லிமீட்டர் இடைவெளியில் இணையாக வைத்து ஒரு சட்டம்போல அடித்துக்கொள்ள வேண்டும். பிளேடை 18 மில்லிமீட்டர் உயர்த்தி, சட்டத்தை அதைச் சுற்றி வைத்துத் திருப்ப வேண்டும். முன்பல் ஒரு ரீப்பரையும் பின்பல் மற்றதையும் தொடும் இடம்தான் சாய்வு. என் 10 இன்ச் பிளேடுக்கு அது கிட்டத்தட்ட 30 டிகிரி வந்தது. பென்சிலால் கோடு போட்டு, அதே சாய்வில் மரத்தின் இரண்டு பக்கமும் வழிகாட்டிக் கட்டைகளை கிளாம்ப் பண்ணினேன். பிறகு பிளேடை இறக்கிவிட்டு, தடவைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி வெட்ட வேண்டும்.

இதற்கு பிளேடின் மேல்மூடியையும் பின்னால் நிற்கும் தகட்டையும் கழற்றியாக வேண்டும். அதனால் கை ஒருபோதும் பிளேடுக்கு மேலே போகக் கூடாது. பிடியுள்ள தள்ளுகட்டை இல்லாமல் யாரும் இதைத் தொட வேண்டாம். தேக்குத் தூள் மூச்சுக்கும் தோலுக்கும் ஆகாது, மாஸ்க்கும் அவசியம்.

முதலில் பேக்கிங் பெட்டியின் பைன் பலகையில் வெட்டிப் பார்த்தேன், நன்றாக வந்தது. அந்தத் தைரியத்தில் தேக்கில் ஒரே தடவையில் 3 மில்லிமீட்டர் உயர்த்திவிட்டேன். மரம் அதிர்ந்தது, ஒரு கிளாம்ப் நழுவியது, குழிவு ஒரு பக்கமாக அகன்றுவிட்டது. இரண்டடித் தேக்கு வீண். அன்றைக்கு மெஷினை நிறுத்திவிட்டு எழுந்துவிட்டேன்.

மறுநாள் தடவைக்கு ஒன்றரை மில்லிமீட்டர்தான். கடைசித் தடவையில் அரை மில்லிமீட்டர்கூட இல்லை, மிக மெதுவாகத் தள்ளினேன். இந்தக் கடைசித் தடவைக்குக் கொடுக்கும் பொறுமை அப்புறம் தேய்க்கும் வேலையில் பாதியைக் குறைக்கிறது.

பிளேடின் பல் தடங்கள் எப்படியும் இருக்கும். பழைய ரம்பத் தகட்டை வளைவாக அரம் போட்டு அதால் சுரண்டினேன். பிறகு உப்புத்தாளை 75 மில்லிமீட்டர் பிவிசி பைப்பில் சுற்றி 80, 120, 180 நம்பர் என்று தேய்த்தேன். அந்தப் பைப் இந்தக் குழிவில் ஏறக்குறைய அப்படியே உட்கார்ந்தது. மெஷினில் வேலை ஒரு மணி நேரம், தேய்ப்பு ஒரு நாள் முழுக்க.

பட்டையை ஏற்றி பாலிஷ் போட்ட பிறகு அம்மா ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தாங்க. பழையது எங்கே முடிகிறது என்று விரலால் தடவித் தேடினாங்க. நிறம் மட்டும் புதுசு வெளுப்பாகத் தெரிகிறது. நாளாக நாளாகத் தேக்கு கறுத்துவிடும். கார்னிஸுக்குக் கீழே வரிசையாக ஓடும் பல் வேலைப்பாட்டில் இரண்டு பல் உடைந்திருக்கிறது, அதையும் இதே மெஷினில்தான் செய்யப் போகிறேன்.