அந்த நாலு மாத்திரை

ஜெலுத்தோங் டிரெஸ்ஸர் மகன்: நேற்று இங்கே செந்தூல்வேலன் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு ஆறவில்லை. தொண்டை வலிக்குக் கிளினிக்கில் கொடுத்த ஆக்மென்டின் என்ற பெனிசிலின் வகை ஆன்டிபயாட்டிக்கில் நாலு மாத்திரை மீதியாம், சரியாகிவிட்டதால் அடுத்த தடவைக்கு என்று அலமாரியில் வைத்திருக்கிறாராம். கருவாடா அது, எடுத்து வைக்க? என் அப்பா தோட்டத்தில் 28 வருடம் டிரெஸ்ஸர், அதாவது மருத்துவ உதவியாளர்; பாதியில் நிறுத்தினவனை வீடு தேடிப் போய்த் திட்டுவார். பெனிசிலின் கண்டுபிடித்த ஃபிளெமிங்கே 1945இல் நோபல் உரையில் சொன்னார், குறைவாகச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்று.

செந்தூல்வேலன்: அப்பா டிரெஸ்ஸர் என்றால் மகனும் டிரெஸ்ஸரா அண்ணே? 2017இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் நிபுணர்களே எழுதிவிட்டார்கள். பாதியில் நிறுத்துவதால் கிருமி பழகிவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை, தேவைக்கு மேல் விழுங்குவதில்தான் ஆபத்து என்று. நீங்கள் இன்னும் 1945லேயே இருங்கள்.

ஜெலுத்தோங் டிரெஸ்ஸர் மகன்: நாலு மாத்திரையை அலமாரியில் வை என்று அதில் எந்த வரியில் இருக்கிறது? காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து, இருமல் நின்றதும் மூட்டை கட்டிவிடுவீர்களோ?

பங்சார் கவிதா: முதலில் அந்தத் தொண்டை வலி வைரஸா, பாக்டீரியாவா? வைரஸ் என்றால் முதல் மாத்திரையே வீண். முழு கோர்ஸ் என்றால் எத்தனை நாள் என்றும் இரண்டு பேரும் சொல்லவில்லையே.

ஜெலுத்தோங் டிரெஸ்ஸர் மகன்: அதெல்லாம் அப்புறம் தங்கச்சி. நாலு மாத்திரைக்குப் பதில் வரட்டும்.

பட்டர்வொர்த் பாண்டி: கோலாலம்பூர் பார்மசியில் கேட்டதெல்லாம் கிடைக்கும் போல. எங்கள் பினாங்குப் பக்கம் டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் தரமாட்டார்கள்.

செந்தூல்வேலன்: டாக்டர் சீட்டுக் கேட்கச் சொல்கிற 1952 விஷச் சட்டம் என்ன, பினாங்குக்கு மட்டும் போட்டதா? நான் பார்மசி பக்கமே போகவில்லை, டாக்டர்தான் கொடுத்தார். இங்கே பார்க்கிறவரே மருந்தும் விற்கிறார். வெறும் பனடோல் காய்ச்சல் மாத்திரையோடு அனுப்பினால் நம் ஆட்களே "இதுக்கா 70 வெள்ளி?" என்று அடுத்த கிளினிக்குக்குப் போய்விடுகிறார்கள். அதைக் கேளுங்களேன்.

ஜெலுத்தோங் டிரெஸ்ஸர் மகன்: பேச்சை மாற்றாதீர்கள் தம்பி. போன மாதம் நாசி கண்டார் சோற்றுச் சண்டையிலும் இப்படித்தான் நழுவினீர்கள், நான் மறக்கவில்லை. நாலு மாத்திரை.

செந்தூல்வேலன்: நாலு இல்லை, இப்போது இரண்டுதான். நேற்று ராத்திரி என் தங்கச்சி மகனுக்குக் காய்ச்சல், இரண்டைக் கொடுத்தேன்.

பங்சார் கவிதா: ஐயோ, பையனுக்கு என்ன வயது? எடை பார்த்துக் கொடுக்கிற மருந்து அது. பெனிசிலின் ஒவ்வாமை இருக்கிறதா என்றாவது கேட்டீர்களா?

ஜெலுத்தோங் டிரெஸ்ஸர் மகன்: பார்த்தீர்களா! அப்போ நாலு என்று எழுதியது பொய்.

செந்தூல்வேலன்: எழுதும்போது நாலு, அப்புறம்தான் இரண்டு. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கழித்தல் சொல்லித் தரவில்லையா?

ஜெலுத்தோங் டிரெஸ்ஸர் மகன்: தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை ஏன் இழுக்கிறீர்கள்? நீங்கள் எழுதியது ராத்திரி 11 மணிக்கு. பையனுக்குக் காய்ச்சல் எத்தனை மணிக்கு?