ஜான் வில்லியம்ஸின் இடத்தில் யார்?

கொம்பிசை:
ஹாலிவுட் இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸ் தொண்ணூறு வயதைக் கடந்துவிட்டார். 1977 முதல் 2019 வரை 'ஸ்டார் வார்ஸ்' மூலக் கதையின் ஒன்பது படங்களுக்கும் அவர் ஒருவரே இசை. ஐந்து 'இண்டியானா ஜோன்ஸ்' படங்களும் அவருடையவைதான். இந்தத் தொடர்களை ஸ்டுடியோக்கள் சும்மா விடப்போவதில்லை. அப்படியானால் அந்த இடத்துக்கு யார்?

என் வாக்கு ஜான் பவலுக்கு. 2018-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' கிளைப்படம் 'சோலோ' ஒன்றே போதும். ஹான் சோலோவுக்கான மெட்டை வில்லியம்ஸ் எழுதிக் கொடுத்தார். அதைப் படம் முழுக்க வளர்த்தெடுத்தவர் பவல். கெசல் பாதையில் கப்பல் தப்பி ஓடும் காட்சியைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். பழைய படங்களின் விண்கல் துரத்தல் இசை தலைகாட்டும், டை ஃபைட்டர் என்ற எதிரி விண்கலங்களோடு நடக்கும் சண்டையின் இசை குறுக்கே பாயும். எதுவும் ஒட்டுப்போட்டதாகத் தெரியாது. அதே படத்தில் முகமூடிக் கொள்ளையர் வரும்போது பல்கேரியப் பாணியில் பெண்கள் குரலெடுத்துப் பாடுகிறார்கள். வில்லியம்ஸின் படங்களில் அப்படியொரு ஒலியை நான் கேட்டதில்லை. பழையதும் தெரிகிறது, சொந்தச் சரக்கும் இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

வெண்திரை:
கொம்பிசை, நீங்கள் புகழ்வது நல்ல மாணவரை. மாணவர் எவ்வளவு நன்றாக எழுதினாலும் ஆசிரியரின் நோட்டில்தான் எழுதுகிறார். 2019-இல் 'ஸ்டார் வார்ஸ்' உலகத்தில் நடக்கும் 'த மண்டலோரியன்' தொடருக்கு லுட்விக் கோரன்சன் செய்ததைப் பாருங்கள். தொடக்கத்தில் எக்காளம் இல்லை, முரசு இல்லை. பேஸ் ரெக்கார்டர் என்ற தடித்த மரக்குழல் தனியாக ஊதுகிறது. மூச்சுக்காற்று உரசுவதுகூடக் காதில் விழும். ஆர்க்கெஸ்ட்ரா அதற்குப் பிறகுதான் வருகிறது. ஆளில்லாப் பாலையில் துப்பாக்கியோடு ஒருவன் நடந்து வருகிறான் என்பது படம் தெரிவதற்கு முன்பே புரிந்துவிடுகிறது. 'பிளாக் பாந்தர்', 'ஓப்பன்ஹைமர்' இரண்டுக்கும் ஆஸ்கர் வாங்கியவர் அவர். இரண்டும் ஒன்றுபோல ஒலிக்கின்றனவா?

கடைசிவரிசை:
தனிவழி போன அதே கோரன்சன், இரண்டாம் பருவத்தின் கடைசி அத்தியாயத்தில் பழைய படங்களின் நாயகன் லூக் ஸ்கைவாக்கர் வந்து சேர்ந்ததும் யார் வீட்டுக் கதவைத் தட்டினார்? 1977-இல் வில்லியம்ஸ் போட்ட 'ஃபோர்ஸ் தீம்' மெட்டுதானே அங்கே ஒலித்தது? பார்த்தவர்கள் கண் கலங்கியது மரக்குழலுக்கா?

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: யாரும் வேண்டாம். 1977 படத்தில் இரட்டைச் சூரியன் மறையும் காட்சியில் லூக் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஊரை விட்டுப் போகத் துடிக்கிற பையன் என்பதை ஃபோர்ஸ் தீமை வாசிக்கும் அந்தக் கொம்பு வாத்தியம்தான் நமக்குச் சொல்கிறது. அந்த மெட்டை இன்று எடுத்தாள்பவர்கள் அது சேமித்துவைத்த உணர்ச்சியைச் செலவழிக்கிறார்கள், புதிதாக எதுவும் சேர்ப்பதில்லை. 2015-இன் 'ஜுராசிக் வேர்ல்ட்' நினைவிருக்கிறதா? 1993-இன் 'ஜுராசிக் பார்க்' படத்தில் பிரம்மாண்டமான பிராக்கியோசாரஸ் டைனோசரைப் பார்த்து மனிதர்கள் வாயடைத்து நின்றபோது எழுந்த இசையை மைக்கேல் ஜியாக்கினோ எங்கே பயன்படுத்தினார்? விடுதி அறையின் பால்கனிக்குச் சிறுவன் ஓடிவந்து பூங்காவைப் பார்க்கும் இடத்தில்! பால்கனிக்கு இவ்வளவு மரியாதையா?

தாளக்கட்டு:
கடைசிவரிசை ஐயா, முதல் படத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். அதன் இன்னொரு கம்பீரமான எக்காள மெட்டு 1993-இல் எங்கே முழங்கியது? கடலுக்கு மேலே தீவை நோக்கி ஹெலிகாப்டர் பறக்கும்போது. அங்கே ஒரு டைனோசரும் கிடையாது. ஹெலிகாப்டருக்குத் தகும் மரியாதை பால்கனிக்கு ஏன் தகாது?

ஜியாக்கினோவை எல்லோரும் சுலபமாக அடிக்கிறீர்கள். 2016-இல் 'ரோக் ஒன்' என்ற 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்கு முதலில் அமர்த்தப்பட்டவர் அலெக்சாந்தர் தெஸ்ப்லா. மறுபடப்பிடிப்பால் தேதிகள் தள்ளிப்போயின, அவரால் தொடர முடியவில்லை. ஜியாக்கினோவின் கையில் இருந்தது நாலரை வாரம். இரண்டு மணி நேரத்தைத் தாண்டும் படம், முழு ஆர்க்கெஸ்ட்ரா, உலகமே காது கொடுத்துக் காத்திருக்கிறது. வேறு எவரும் ஓடியிருப்பார்கள். ஆபத்துக்கு உதவுகிறவரே வாரிசு என்பேன்.

கொம்பிசை:
நாலரை வாரத்தில் முடித்தது சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படத்தின் தலைப்பு இசையைக் கேளுங்கள். பழைய மெட்டின் முதல் அடியைப் போலத் தொடங்கி, நாம் நிமிர்ந்து உட்கார்ந்ததும் வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. ஒருமுறை என்றால் ரசிக்கலாம். படம் நெடுக அப்படியே போனால் சலிப்பு வருகிறது.

மழைக்குருவி:
எல்லோரும் விண்வெளியிலேயே சுற்றுகிறீர்கள். நீங்கள் கேட்கிற சோதனை 'ஹாரி பாட்டர்' தொடரில் எப்போதோ நடந்து முடிந்துவிட்டது. முதல் மூன்று படங்கள் வில்லியம்ஸ். நான்காவது பேட்ரிக் டாய்ல், ஐந்தும் ஆறும் நிக்கோலஸ் ஹூப்பர், கடைசி இரண்டும் தெஸ்ப்லா. செலஸ்டா என்ற, மணிபோல ஒலிக்கும் விசைப்பலகை வாத்தியத்தில் தொடங்கும் ஹெட்விக் மெட்டு எட்டுப் படங்களிலும் ஏதாவதொரு மூலையில் வந்துவிடும், ஆனால் போகப்போகச் சுருங்கிக்கொண்டே வரும். பலர் இதைக் குறை என்கிறார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், பள்ளி பாதுகாப்பான இடமாக இல்லை; அப்புறமும் மந்திரக்கோல் மினுமினுப்பு எதற்கு? ஆறாம் படத்தில் டம்பிள்டோரின் மரணத்துக்கு ஹூப்பர் எழுதிய பகுதியும், எட்டாம் படம் தொடங்கும்போது தெஸ்ப்லா தரும் அந்த ஒற்றைப் பெண்குரலும் வில்லியம்ஸுக்குக் கடன்பட்டவை அல்ல. ஒரே வாரிசு வேண்டும் என்று யார் விதித்தது? படத்துக்குப் படம் ஆள் மாறட்டும்.

வெண்திரை:
மாறட்டும். ஆனால் மாறியதில் ஒன்று தொலைந்தது, மழைக்குருவி. மூன்று படங்களில் கட்டிய மெட்டுகளில் ஹெட்விக்கினுடையதைத் தவிர எது மிஞ்சியது? ஒவ்வொருவரும் புதிதாக வீடு கட்டிவிட்டுப் போனார்கள், பழைய அறைகளில் யாரும் குடியிருக்கவில்லை. 'ஸ்டார் வார்ஸ்' வில்லன் டார்த் வேடருக்கு 1980-இல் வந்த அணிவகுப்பு இசை, மூன்று ஆண்டு கழித்து அவன் சாகும்போது வலுவிழந்து, ஹார்ப்பில் ஒவ்வொரு சுரமாக உதிர்கிறது. ஒரே கை இரண்டு படத்தையும் எழுதியதால்தான் அது சாத்தியம்.

கடைசிவரிசை:
பாருங்கள், வெண்திரையே என் பக்கம் வந்துவிட்டார்.

தாளக்கட்டு:
வில்லியம்ஸையே அப்படி எழுதவிட்டார்களா? 2002-இன் 'ஸ்டார் வார்ஸ்' படம் 'அட்டாக் ஆஃப் த குளோன்ஸ்' கடைசிப் பகுதியில் முந்தைய படத்தின் இசைத்துண்டுகள் வெட்டி ஒட்டப்பட்டிருக்கின்றன. படத்தொகுப்பு கடைசி நேரம் வரை மாறிக்கொண்டிருந்தால் யார் என்ன செய்ய முடியும்? காட்சியின் நீளம் பூட்டப்படாமல் நல்ல இசை எழுத முடியாது. நொடிக் கணக்கில் பொருந்த வேண்டிய மெட்டில் நாலு நொடியை உருவினால் அடித்தளமே சாய்ந்துவிடும். அதனால்தான் இன்று பலர் எங்கே வெட்டினாலும் வலிக்காத, இழுத்த இழுப்புக்கு வரும் ஒலிகளை எழுதித் தருகிறார்கள். அவர்களிடம் மெட்டுப் போடும் திறமை இல்லை என்று நான் நம்பவில்லை.

மழைக்குருவி:
இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவ்வளவு நேரம் பேசியும் ஒருவர்கூட நடாலி ஹோல்ட் பெயரைச் சொல்லவில்லையே? 2022-இல் 'ஓபி-வான் கெனோபி' என்ற 'ஸ்டார் வார்ஸ்' தொடருக்கு இசை அவர். அங்கேயும் ஓபி-வானுக்கான மெட்டை எழுதித் தந்தவர் வில்லியம்ஸ்தான். தொடரின் மீதி இசைப் பொறுப்பு ஹோல்ட்டுடையது. பவலுக்குக் கிடைத்த அதே ஏற்பாடு. பவலை மட்டும் வாரிசு என்கிறீர்கள்.

கொம்பிசை:
நியாயமான கேள்வி. தொடர் வேறு, திரையரங்கப் படம் வேறு. ஹோல்ட்டுக்கு இரண்டரை மணி நேரப் படமும் முழு ஆர்க்கெஸ்ட்ராவும் போதிய மாதங்களும் கொடுத்துப் பார்க்கட்டும், பிறகு ஒப்பிடுவோம். ஜேம்ஸ் பாண்ட் படங்களுக்கு முன்பு இசையமைத்த ஜான் பாரிக்குப் பிறகு யார் யாரோ வந்து போனார்கள். டேவிட் அர்னால்டைத் தயாரிப்பாளரிடம் பரிந்துரைத்தவர் பாரியே. அர்னால்டு 1997 முதல் ஐந்து படங்கள் நிலைத்தார். வில்லியம்ஸ் அப்படி யார் பெயரையாவது சொன்னால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். அதுவரை பவல்தான்.

கடைசிவரிசை:
அவர் சொன்னாலும் ஸ்டுடியோ நாலரை வாரம்தான் கொடுக்கும்.