பழைய நிக்கான் டி750: வாங்கும் முன் அதன் வரலாறு அறிய உதவுங்கள்

வணக்கம். கோயில் திருவிழாக்களை இரவில் படமெடுப்பதற்காகப் பழைய நிக்கான் டி750 கேமரா ஒன்றை வாங்கப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை கோவையில் நேரில் பார்க்கிறேன். "பத்தாயிரம் படம்கூட எடுத்ததில்லை" என்கிறார் விற்பவர். ஆனால் அவர் அனுப்பிய படத்தில் கைப்பிடி ரப்பர் பளபளவென்று தேய்ந்திருக்கிறது. ஃப்ளாஷ் மாட்டும் இடத்தில் கறுப்பு வண்ணம் உரிந்து உலோகம் தெரிகிறது. கல்யாண வீடுகளில் உழைத்த கேமராவோ என்று மனம் அடித்துக்கொள்கிறது.

இதன் ஷட்டர் (ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் திரை) 1,50,000 முறை இயக்கிச் சோதிக்கப்பட்ட ரகம். எத்தனை முறை இயங்கியது என்பது படத்தின் எக்ஸிஃப் தகவலில் (படக் கோப்புக்குள் கேமரா தானாக எழுதும் விவரங்கள்) பதிவாகும். அதனால் திருத்தாத ஜேபெக் கோப்பு ஒன்றை மின்னஞ்சலில் கேட்டிருக்கிறேன். வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பினால் அந்தத் தகவல் போய்விடும். கோப்பிலுள்ள சீரியல் எண்ணையும் கேமராவின் அடியில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பார்ப்பேன்.

என் கேள்வி இதுதான்: இடையில் ஷட்டரையே மாற்றியிருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? 2015-இல் நிக்கான் சில டி750 கேமராக்களின் ஷட்டரை இலவசமாகச் சரிசெய்து தருவதாக அறிவித்தது. இது அவற்றில் ஒன்றா, சரிசெய்யப்பட்டதா என்று சீரியல் எண்ணைக் கொடுத்தால் சேவை மையத்தில் சொல்வார்களா? அனுபவப்பட்டவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். இரண்டு வருடமாகச் சேர்த்த பணம் இது.